நாகநாதன் பெயரில் போனவர்

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து வந்த பஸ் ஆவரேந்தல் விலக்கில் நின்றது. வைக்கோல் கட்டும் மிஷினுக்கு வாங்கிய கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கப்பாண்டி இறங்கினார். இறங்கியவர் இரண்டடி எடுத்து வைக்கவில்லை, அப்படியே நின்றுவிட்டார்.

ரோட்டோரம் புதுசாக ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். பன்னிரண்டடி இருக்கும். முறுக்கு மீசையோடு ஒரு ஆள் குதிரையில் உட்கார்ந்து வாளை உயர்த்திக்கொண்டிருந்தான். ‘முதல் உலகப்போர் கண்ட மாவீரன், எங்கள் குலவிளக்கு நாகநாதன் அவர்களுக்கு வீரவணக்கம்’ என்று எழுதியிருந்தது. கீழே முன்னாள் பிரசிடெண்டு தர்மராஜ் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நினைவுக்கல் திறப்பு விழா, அனைவரும் வருக.

குதிரையில் இருந்தது நாகநாதன் இல்லை. யாரோ வடநாட்டுக்காரன், நெட்டில் எடுத்த படம். நாகநாதனுக்குப் போட்டோவே கிடையாது. தர்மராஜின் தாத்தாவான அந்த நாகநாதன் ஒரு நாளும் ஊரைத் தாண்டிப் போனவரும் கிடையாது. அது தங்கப்பாண்டி குடியிருக்கும் கிழக்குத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தங்கப்பாண்டிக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் நாகநாதனுக்குப் பதிலாகப் போனது தங்கப்பாண்டியின் பூட்டன் உக்கிரபாண்டி.

ஆவரேந்தல் கண்மாய்க் கரையில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் ஒன்று உண்டு. ‘இந்தக் கிராமத்திலிருந்து பதினோரு பேர் பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இருவர் உயிர் நீத்தனர்’ என்று அதில் இருக்கும். பேர் எதுவும் இருக்காது. அந்தக் காலத்தில் ஆள் எடுத்தபோது ஊருக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுத்து, பெரிய வீடுகளிலிருந்து ஒரு ஆளாவது வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தர்மராஜ் வீட்டில் நாகநாதன் பேரை எழுதிக் கொடுத்தார்கள். கிளம்ப வேண்டிய அன்றைக்கு ராமநாதபுரத்துக்கு நடந்து போனது, அவர்கள் வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டி. அங்கே ‘நாகநாதன்’ என்று கூப்பிட்டபோது கையைத் தூக்கியது உக்கிரபாண்டியின் கை.

மூன்று வருசம் ஈராக்கில் பாஸ்ராப் பக்கம் இருந்தார். துப்பாக்கி பிடிக்கவில்லை. காயம்பட்டுக் கிடப்பவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலை. அப்படித் தூக்கிவரும்போதுதான் தோள்பட்டையில் குண்டு பட்டது. திரும்பி வந்தபின் சாகும்வரை இடது கை தோளுக்கு மேலே எழவில்லை. வந்த புதிதில் ‘உக்கிரபாண்டி’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாராம். ‘நாகநாதா’ என்று யாராவது பெரிய வீட்டு ஆளைக் கூப்பிட்டால், களத்துமேட்டிலிருந்து இவர் விறைப்பாக எழுந்து நிற்பாராம். அதற்காக ஒரு தடவை புளியங்கம்பால் அடி வாங்கினார். பட்டாளத்திலிருந்து மெடல் வந்தது. பேர் நாகநாதன் என்றிருந்ததால் தபால்காரர் அதைப் பெரிய வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். இப்போதும் தர்மராஜ் வீட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

இத்தனை வருசமும் கல்லில் யார் பேரும் இல்லை, போகட்டும் என்று கிழக்குத் தெரு இருந்துவிட்டது. இப்போது பேர் வெட்டப் போகிறார்கள். அதில் நாகநாதன் பேர்.

தங்கப்பாண்டி கயிற்றைக்கூட வீட்டில் இறக்கவில்லை. நேரே அய்யனார் கோயில் முன்கொட்டகைக்குப் போனார்.

கொட்டகையில் விழாக் கமிட்டி உட்கார்ந்திருந்தது. நடுவில் தர்மராஜ். அவருக்குப் பக்கத்தில் புதுமடத்திலிருந்து வந்திருந்த ஹமீது சுல்தான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாவட்டத்தில் அந்தப் போருக்குப் போனவர்கள் பேரையெல்லாம் பத்து வருசமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கொண்டுவந்த லிஸ்ட்டை வைத்துத்தான் கல் வெட்டுகிறார்கள்.

“பிரசிடெண்டய்யா, ஒரு விசயம்” என்றார் தங்கப்பாண்டி. “கல்லுல எங்க பூட்டன் பேரு வரணும்.”

“எந்தப் பூட்டன்லே?”

தங்கப்பாண்டிக்கு ஐம்பத்து நான்கு வயது. பேத்தி எடுத்தாயிற்று. தர்மராஜ் வாயில் இன்னமும் லே-தான்.

“உக்கிரபாண்டி.”

“பாய், அப்படி யாரும் லிஸ்ட்டுல இருக்காகளா?”

ஹமீது சுல்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். நிதானமான மனுசர். “இல்லையே தம்பி. டெல்லிக்கு எழுதி வாங்குனது இது. பதினோரு பேரும் இருக்காக. உக்கிரபாண்டின்னு யாருமில்ல.”

“இருக்க மாட்டாரு பாய். இவுக தாத்தா பேருலதான அவரு போனாரு.”

கமிட்டி முழுக்க நிமிர்ந்து பார்த்தது. தர்மராஜ் மட்டும் சிரித்தார்.

“ஏலே, நாளைக்கு அழகர் வேசத்துல ஆத்துல எறங்குனதும் ஒங்க பூட்டந்தான்னு சொல்லுவ போலயே. எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுனவன் பாஸ்ராவுக்குப் போனானாக்கும்.”

“மாட்டுக்குத் தண்ணி காட்டுனவருதான். அவரைத்தான அனுப்புனீக.”

“மெடலு யாரு வீட்டுல இருக்கு?”

“பேரு ஒங்க பேரு, அதனால ஒங்க வீட்டுல இருக்கு.”

“அப்பறம் என்ன. பேரு எங்க பேரு, மெடலு எங்க வீட்டுல. போருக்கு மட்டும் ஒங்க ஆளு. போலே, போயி வைக்கலக் கட்டுற சோலியப் பாரு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹமீது சுல்தான் சிரிக்கவில்லை. “தம்பி, நீங்க சொல்லுறது நடந்திருக்கலாம். அந்தக் காலத்துல ஆள் மாத்திப் போனதெல்லாம் உண்டு. ஆனா வாய்ப்பேச்ச நான் கல்லுல வெட்ட முடியாது. ஒரு காகிதம் வேணும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் இங்கன வாரேன். அதுக்குள்ள கொண்டாங்க.”

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கப்பாண்டிக்கு அதே யோசனைதான். மாடு பார்த்த ஆளிடம் ஏது காகிதம்? கைநாட்டைக்கூட அடுத்தவன் பேரில் வைத்தவர். காகிதமெல்லாம் இருப்பது அவர்கள் வீட்டில்.

வீட்டில் மனைவி வீரலட்சுமி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அவளும் கொதித்தாள்.

“நெஞ்சுல கைய வச்சுச் சொல்லச் சொல்லுங்க. அந்த வீட்டு ஆம்பள வைகாசியில ஊரை விட்டு ஒரு நாளு நகருவாகளா? பரிவட்டம் கை மாறிப் போயிரும்னு மகளோட பிரசவத்துக்குக்கூட மதுரைக்குப் போகல இந்தத் தர்மராசு. இவுக தாத்தா மூணு வருசம் பாஸ்ராவுல போயி இருந்தாராம்.”

தங்கப்பாண்டி சட்டையைக் கழற்றப் போனவர் கையை நிறுத்தினார்.

ஆவரேந்தல் அய்யனார் கோயிலில் வைகாசி புரவி எடுப்புக்கு முதல் மரியாதை தர்மராஜ் வீட்டுக்கு. தலையில் பரிவட்டம் கட்டி, விபூதி கொடுத்து, அதன் பிறகுதான் மண்குதிரையைத் தூக்குவார்கள். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் நேரில் நிற்க வேண்டும். காய்ச்சல் என்றாலும், பயணம் என்றாலும், அந்த வருசம் வராவிட்டால் மரியாதை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். போனால் திரும்பாது. யார் நேரில் நின்று வாங்கினார்கள் என்று வருசா வருசம் ஒரு நோட்டில் எழுதி, சாமிப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் அந்த மரியாதை தனக்குத்தான் என்று தர்மராஜின் பங்காளி அருள்முருகன் கேஸ் போட்டார். ஆர்.டி.ஓ. ஆபீசில் சமாதானக் கூட்டம் நடந்தது. அங்கே தர்மராஜ், நூறு வருசமாக ஒரு வைகாசிகூட விடாமல் எங்கள் வீட்டு ஆள் நேரில் நின்றிருக்கிறார் என்று காட்ட, அந்த நோட்டை முழுசாக ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்த எல்லாருக்கும் கொடுத்தார். கிழக்குத் தெரு சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் தங்கப்பாண்டி. அவருக்கும் ஒரு கட்டு கிடைத்தது.

“அந்தக் கோயில் பேப்பரு எங்கன?”

“ரேசன் கார்டு இருக்குற பையில.”

எடுத்துப் புரட்டினார். எழுத்து பழசு, ஆனால் தெளிவு. வருசத்தையெல்லாம் தமிழ்ப் பேரில்தான் போட்டிருந்தார்கள். பிங்கள வருசம் என்று ஒரு பக்கம். தங்கப்பாண்டியின் தங்கை நாகஜோதி பிறந்தது பிங்கள வருசம். அது 1977. அறுபதைக் கழித்தால் 1917.

‘பிங்கள வருசம் வைகாசி மாசம் புரவி எடுப்பில் முதல் மரியாதை நாகநாதன் நேரில் நின்று பெற்றுக்கொண்டது.’

அடுத்த பக்கம் காளயுக்தி. நாகநாதன் நேரில் நின்று பெற்றுக்கொண்டது. அதற்கடுத்து சித்தார்த்தி. நாகநாதன் நேரில் நின்று பெற்றுக்கொண்டது.

தங்கப்பாண்டி மூன்று தடவை வாசித்தார். வீரலட்சுமி மீன் வாடையடிக்கும் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்லச் சொல்ல, அவருக்கு இன்னொன்றும் புரிந்தது. நாகநாதன் ஏன் போகவில்லை என்பது. பயந்துகொண்டு இல்லை. போனால் பரிவட்டம் போய்விடும். அதற்காக ஒரு மனுசனை, கல்யாணமாகி நாற்பது நாள் ஆனவனை, ‘நீ போ’ என்று தள்ளியிருக்கிறார்கள்.

“ஒரு முழத் துணிக்காக” என்றாள் வீரலட்சுமி.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கொட்டகை நிறைய ஆள். கல்லை வேனில் கொண்டுவந்து இறக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். கறுப்புக் கிரானைட். பேர்களைப் பெயிண்டால் மட்டும் எழுதியிருந்தார்கள், வெட்டுகிற ஆள் உளியோடு காத்திருந்தார். ஏழாவது வரியில் நாகநாதன். மற்ற பேரைவிட ஒரு சுற்றுப் பெரிசாக.

தங்கப்பாண்டி யாரையும் பார்க்காமல் நேரே ஹமீது சுல்தானிடம் போய் ஜெராக்ஸை நீட்டினார்.

“பாய், ஒங்க லிஸ்ட்டுல நாகநாதன் என்னைக்குப் போனாரு, என்னைக்கு வந்தாருன்னு இருக்கா?”

“இருக்கே. 1916 அக்டோபர்ல சேந்திருக்காரு. 1919 ஆகஸ்ட்ல காயத்தோட அனுப்பியிருக்காக. டோலி தூக்குற பிரிவு, காயம்பட்டவுகளச் சொமக்குறது.”

“டோலியா? பிளக்ஸுல குதிரையில இருக்காரே” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

“இப்ப இந்த மூணு பக்கத்தையும் சத்தமா வாசிங்க பாய். 1917, 18, 19, மூணு வைகாசி.”

ஹமீது சுல்தான் வாசித்தார். முதல் பக்கத்தைச் சாதாரணமாக. இரண்டாவதில் குரல் மெதுவானது. மூன்றாவதை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எங்கன இருந்து கெடச்சது?”

“பிரசிடெண்டய்யா குடுத்தது. எல்லாருக்குந்தான் குடுத்தாக. இந்தா, அருள்முருகன்ட்டயும் இருக்கும்.”

பங்காளி அருள்முருகன் அதுவரை தூணில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்தார். அந்த ஆளுக்கு உக்கிரபாண்டி மேல் ஒரு அக்கறையும் கிடையாது. பரிவட்டத்தின் மேல்தான் கண். ஆனாலும் விசயம் உடனே பிடிபட்டுவிட்டது.

“அண்ணே, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. பெரியவரு பாஸ்ராவுல டோலி தூக்குனாரா, இங்கன பரிவட்டம் கட்டிக்கிட்டு நின்னாரா? டோலி தூக்குனாருன்னா நோட்டு பொய். நோட்டு பொய்யின்னா திங்கக்கிழமை நான் வக்கீலப் பாக்கணும்.”

தர்மராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “ஏப்பா, ஏதோ தப்பு நடந்திருக்கு. பேரை அழிச்சிருவோம். பத்துப் பேரு இருந்தாப் போதும்.”

“கல்லுல அழிப்பீக. டெல்லியில இருக்குற லிஸ்ட்டுல?” என்றார் அருள்முருகன். “அதுல அவரு பாஸ்ராவுலதான இருக்காரு. எனக்கு அது போதும்ணே.”

தர்மராஜ் கல்லைப் பார்த்தார், ஜெராக்ஸைப் பார்த்தார். பிறகு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“ஆள் மாத்தித்தான் அனுப்புனாக. உக்கிரபாண்டிதான் போனது. எங்க அய்யாவும் அப்படித்தான் சொல்லுவாக.”

தங்கப்பாண்டி ஒரு அடி முன்னால் வந்தார். தெரிந்திருக்கிறது. அந்த வீட்டுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பிளக்ஸ் அடித்து, தெரிந்துகொண்டே புதன்கிழமை இதே இடத்தில் சிரித்திருக்கிறார்கள். புளியங்கம்பால் அடித்ததும் தெரிந்துதான்.

“தெரிஞ்சும் என்னைய அழகர் ஆத்துல எறங்குன கதையெல்லாம் சொல்லிக் கேலி பண்ணுனீகளே.”

“விடுப்பா. பழசு.”

“பழசுன்னா பிளக்ஸு எதுக்கு? நேருல நின்னவனுக்குத்தான மரியாதைன்னு கோர்ட்டு வரைக்கும் போறீக. பாஸ்ராவுல நேருல நின்னது யாரு? அங்கன குண்டு பட்டது ஒங்க தாத்தா தோளா?”

“அதான் போனது ஒங்க ஆளுதான்னு சொல்லிட்டேன்ல. இன்னும் என்ன.”

“மெடலு?”

“அத அப்பறம் பேசுவோம்.”

ஹமீது சுல்தான் எழுந்தார். “எப்படி எழுதணும்னு நான் சொல்லுறேன். லிஸ்ட்டுக்கும் ஒத்து வரணும், உண்மைக்கும் ஒத்து வரணும். ‘நாகநாதன் என்ற பெயரில் சென்றவர் உக்கிரபாண்டி.’ இது போதும். இதுல ஒரு எழுத்துக் கொறைஞ்சாலும் நான் ஞாயித்துக்கெழம வரல.”

தர்மராஜ் தலையாட்டினார். அதுவும் உக்கிரபாண்டிக்காக இல்லை. அந்த வரி இருந்தால்தான் நோட்டு பிழைக்கும், நோட்டு பிழைத்தால்தான் பரிவட்டம் நிற்கும். செத்துப்போன மனுசனை இரண்டாவது தடவையும் பரிவட்டத்துக்குக் காவலாக நிறுத்துகிறார்கள். தங்கப்பாண்டிக்கு அது நன்றாகத் தெரிந்தது. பேர் வருகிறதே என்று அவரால் சந்தோசப்பட முடியவில்லை. உளி விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கடைசி எழுத்து வெட்டி முடியும் வரை பக்கத்திலேயே நின்றார். வெட்டுகிறவர் எச்சில் துப்பக் கொஞ்சம் எழுந்துபோனபோதுகூட நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் பந்தல். விலக்கில் இருந்த பிளக்ஸை ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்திருந்தார்கள். கிழக்குத் தெரு மொத்தமும் வந்திருந்தது. வீரலட்சுமி கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்தாள். நாகஜோதி பரமக்குடியிலிருந்து பிள்ளைகளோடு வந்து, ஏழாவது வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். ஹமீது சுல்தான் பழைய தொப்பியும் மெடல்களுமாக வந்து கல்லுக்கு முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பதினோரு பேரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஏழாவது பேரை வாசிக்கும்போது கிழக்குத் தெருப் பெண்கள் குலவை போட்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் தங்கப்பாண்டி வீட்டுக்குப் போயிருப்பார்.

தர்மராஜ் மைக்கைப் பிடித்தார். ஊரின் பெருமை, மண்ணின் வீரம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், ஏழாவது வரிக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

“இங்கன ஒண்ணச் சொல்லணும். பொன்னு குடுப்பாக, பொருளு குடுப்பாக. நாட்டுக்காகத் தன் பேரையே குடுத்தவுக யாராச்சும் உண்டா? எங்க தாத்தா நாகநாதன் குடுத்தாக. ஏழையா இருந்த ஒரு ஆளுக்குத் தன் பேரைத் தானமாக் குடுத்து, பட்டாளத்துக்கு அனுப்பி, ஒரு பெருமையத் தேடிக்குடுத்தாக. அந்தப் பெருந்தன்மைதான் இன்னைக்கு இந்தக் கல்லுல நிக்குது.”

தர்மராஜின் மேற்குத் தெரு ஆட்கள் கை தட்டினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களும் என்ன ஏது என்று தெரியாமல் தட்டினார்கள்.

தங்கப்பாண்டி எழுந்ததை வீரலட்சுமி பார்த்தாள். தடுக்கவில்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போய், தர்மராஜ் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பிடுங்கினார் என்று பிறகு மேற்குத் தெருவில் சொன்னார்கள். தர்மராஜ் கொடுக்காமலிருக்கப் பார்த்ததும், இவர் விடாததும் உண்மை.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுறேன். பேரை யாரும் தானம் குடுக்கல. எங்க பூட்டனுக்குப் பேரு இருந்துச்சு. அவுக அய்யா வச்ச பேரு, உக்கிரபாண்டி. அத மூணு வருசம் வாயால சொல்லக் கூடாதுன்னு பிடுங்கி வச்சுக்கிட்டு, இந்தாடா இதப் போட்டுக்கிட்டுப் போன்னு இவுக பேர மாட்டிவிட்டாக. குண்டு பட்டுத் திரும்பி வந்த அன்னைக்கு அந்தப் பேரையும் கழட்டி வாங்கிக்கிட்டாக. பரிவட்டம் போயிரக் கூடாதுன்னு ஒரு மனுசன…”

மைக்செட்காரர் தர்மராஜின் முகத்தைப் பார்த்தார். ஸ்பீக்கர் சத்தம் நின்றது.

தங்கப்பாண்டி மைக்கை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். தர்மராஜ் ஏதோ சொல்லிக்கொண்டு கையைப் பிடித்தார். அந்தக் கையை எடுத்து ஓரமாக விட்டார்.

“கேக்குதா?” என்றார், தொண்டையைத் திறந்து.

“கேக்குது, சொல்லுங்க” என்றாள் வீரலட்சுமி பின்வரிசையிலிருந்து.

ஹமீது சுல்தான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தங்கப்பாண்டி, உக்கிரபாண்டி ராமநாதபுரத்துக்கு நடந்துபோன நாளிலிருந்து ஆரம்பித்தார்.